சாபி சாண்ட் தனியார் காப்பகம்: முன்பணம் கட்டும் முன் லாட்ஜிடம் கேட்க வேண்டியவை

கேள்வி இதுதான்: கணவன், மனைவி, 9 வயதிலும் 13 வயதிலும் இரண்டு பிள்ளைகள். தென்னாப்பிரிக்காவுக்கு முதல் பயணம். க்ரூகர் தேசியப் பூங்காவில் சொந்தமாகக் கார் ஓட்டிப் பார்ப்பதா, அதை ஒட்டியிருக்கும் சாபி சாண்ட் தனியார் காப்பகத்தில் மூன்று இரவு தங்குவதா? இணையத்தில் பார்த்தால் அங்குள்ள எல்லா லாட்ஜும் (காட்டுக்குள் இருக்கும் விடுதி) ஒரே மாதிரி இருக்கிறது. விலை மட்டும் ஐந்து மடங்கு வித்தியாசப்படுகிறது. எதை வைத்து முடிவு செய்வது?

கையில் பணமும் ஆறேழு நாளும் இருந்தால் இரண்டையும் செய்யுங்கள். முதலில் க்ரூகர், பிறகு சாபி சாண்ட். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். தனியார் காப்பகத்தில் சிறுத்தையைப் பத்தடி தூரத்தில் பார்த்துவிட்டு, பிறகு க்ரூகரின் தார்ச்சாலையில் முந்நூறு மீட்டருக்கு அப்பால் தெரியும் வாலுக்காக இருபது கார்களுக்கு நடுவே நிற்பது பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். ஒன்றுதான் முடியும், செலவும் தாங்கும் என்றால் சாபி சாண்டில் மூன்று இரவு. லாட்ஜைத் தேர்ந்தெடுக்கும்போது அறைப் படங்களை ஓரமாக வைத்துவிட்டு மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: விலங்கு பார்க்க உங்களை அழைத்துப் போகும் லாட்ஜ் வண்டி எவ்வளவு நிலத்தில் ஓடலாம், ஒரு வண்டியில் எத்தனை பேர், டிராக்கர் (தடம் பார்த்து விலங்கைக் கண்டுபிடிப்பவர்) உண்டா. நீச்சல் குளம், வெளிக்குளியல், மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பாடு எல்லாம் அதற்கு அப்புறம்.

நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான ஏமாற்றங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. க்ரூகர் 1926-இல் தேசியப் பூங்கா ஆனது. அதன் மேற்கு எல்லையில் இருந்த பண்ணை உரிமையாளர்கள் 1948-இல் சேர்ந்து உருவாக்கியது சாபி சாண்ட். சாபி, சாண்ட் என்ற இரண்டு ஆறுகளின் பெயரால் வந்த பெயர். ஏறக்குறைய 65,000 ஹெக்டேர். 1993-இல் க்ரூகருக்கும் இதற்கும் நடுவே இருந்த வேலி எடுக்கப்பட்டது. அன்றிலிருந்து யானையும் சிங்கமும் இரண்டு பக்கமும் தம் விருப்பப்படி போய்வருகின்றன. ஊர்கள் இருக்கும் மேற்குப் பக்கத்தில் மட்டும் மின்வேலி இருக்கிறது.

விலங்குகளுக்கு வேலி இல்லை. வண்டிகளுக்கு உண்டு, கண்ணுக்குத் தெரியாத வேலி. சாபி சாண்ட் ஒரே முதலாளியின் சொத்து இல்லை. பல உரிமையாளர்களின் நிலங்கள் சேர்ந்த கூட்டு. ஒரு லாட்ஜின் வண்டி தன் நிலத்திலும், யாருடன் ஒப்பந்தம் இருக்கிறதோ அவர்கள் நிலத்திலும் மட்டுமே ஓடலாம். இதை அங்கே ‘ட்ராவர்சிங்’ என்பார்கள். மாலாமாலா என்ற லாட்ஜ் ஏறக்குறைய 13,000 ஹெக்டேரை வைத்துக்கொண்டு யாருடனும் பகிர்ந்துகொள்வதில்லை. க்ரூகரோடு நீண்ட எல்லையும் அதற்கு உண்டு. வடக்குப் பகுதியில் உள்ள சிறிய லாட்ஜுகள் பலவும் தங்களுக்குள் நிலத்தைப் பகிர்ந்து ஓட்டுகின்றன. சில லாட்ஜுகளுக்கு ஆயிரம் இரண்டாயிரம் ஹெக்டேர்தான் இருக்கும்.

நடைமுறையில் என்ன ஆகும் என்று பாருங்கள். பெண் சிறுத்தை ஒன்று மண்பாதையில் நிதானமாக நடக்கிறது. உங்கள் வண்டி பின்னால் ஊர்கிறது. இருநூறு மீட்டர் போனதும் குறுக்கே புதர் வெட்டிய நேர்கோட்டுப் பாதை வருகிறது. சிறுத்தை அதைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ப் புல்லில் படுக்கிறது. உங்கள் வழிகாட்டி இன்ஜினை அணைத்துவிடுகிறார். அவ்வளவுதான், அந்தப் பக்கம் அடுத்தவர் நிலம். சிறுத்தை நாற்பது மீட்டரில் கண்ணெதிரே இருந்தாலும் போக முடியாது. நிலம் சிறியதாக இருந்தால் இது தினமும் நடக்கும். அதனால் ‘சாபி சாண்டில் இருக்கிறோம்’ என்று லாட்ஜ் சொன்னால் போதாது. எத்தனை ஹெக்டேரில் ஓடுகிறீர்கள், ஆற்றங்கரை அதில் வருகிறதா என்று மின்னஞ்சலிலேயே கேளுங்கள். நல்ல லாட்ஜ் இதற்கு எண்ணோடு பதில் சொல்லும். ‘65,000 ஹெக்டேர் காப்பகத்தில் அமைந்துள்ளோம்’ என்று மழுப்பினால் புரிந்துகொள்ளலாம்.

ஆற்றங்கரையைக் கேட்பதற்குக் காரணம் சிறுத்தை. சிறுத்தையை அருகில் பார்க்க உலகில் இதற்கு இணையான இடம் அதிகம் இல்லை. ஆற்றோர அடர்மரங்களும் இரையும் ஒரு காரணம். இன்னொன்று, பல பத்தாண்டுகளாக, தலைமுறை தலைமுறையாக, துரத்தாத, தொந்தரவு செய்யாத வண்டிகளைப் பார்த்தே வளர்ந்த சிறுத்தைகள் இவை. வழிகாட்டிகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே அறிவார்கள். மீசை முடிகளின் மேல்வரிசைக்கு மேலே இரண்டு கன்னத்திலும் எத்தனை புள்ளி என்று எண்ணிப் பார்த்து, 3:4, 2:2 என்று அடையாளம் குறித்து வைத்திருப்பார்கள். (தமிழ்ச் செய்திகளில் சிறுத்தை, சிவிங்கிப்புலி இரண்டையும் சிறுத்தை என்றே எழுதிவிடுகிறார்கள். இங்கே சொல்வது மரமேறும் சிறுத்தையை. வெட்டவெளியில் ஓடிப் பிடிக்கும் சிவிங்கிப்புலி சாபி சாண்டில் குறைவு. அதுதான் வேண்டும் என்றால் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் உள்ள ஃபிண்டா காப்பகம் நல்ல தேர்வு.)

அடுத்தது வண்டி. மேற்கூரையும் கண்ணாடியும் இல்லாத லேண்ட் க்ரூசர் அல்லது லேண்ட் ரோவர்; ஓட்டுநருக்குப் பின்னால் படிக்கட்டு மாதிரி உயரும் மூன்று வரிசை. வரிசைக்கு மூவர் வீதம் ஒன்பது பேரை ஏற்றும் லாட்ஜும் உண்டு, ஆறோடு நிறுத்தும் லாட்ஜும் உண்டு. விலை வித்தியாசத்தில் நல்ல பகுதி இதற்குத்தான் போகிறது. ஒன்பது பேரில் நடு இருக்கை கிடைத்தவர் இருபக்கமும் அடுத்தவர் தலையைத்தான் படம் எடுப்பார். முதல் வரிசையில் வழிகாட்டி சொல்வது நன்றாகக் கேட்கும், குலுக்கலும் குறைவு. கடைசி வரிசை உயரம், பார்வை நன்றாக இருக்கும். ஆனால் பின்அச்சுக்கு மேலே உட்கார்ந்திருப்பதால் ஒவ்வொரு குழியும் முதுகுக்குத் தெரியும். நடு வரிசை இரண்டுக்கும் சமரசம். முதுகுவலிக்காரர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால் தனி வண்டிக்கு நாள் கட்டணம் எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். மலிவில்லை. ஆனால் 9 வயதுப் பிள்ளை இரண்டு மணி நேரத்தில் ‘போதும், போகலாம்’ என்றால் திரும்பிவிடலாம். மற்ற விருந்தினரின் முறைப்பைத் தாங்க வேண்டியதில்லை. பல லாட்ஜுகளில் 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பொது வண்டியில் ஏற்றமாட்டார்கள். காட்டுக்குள் நடைப்பயணத்துக்குப் பெரும்பாலும் 12 அல்லது 16 வயது ஆகியிருக்க வேண்டும். உங்கள் மூத்த பிள்ளைக்கு அனுமதி உண்டா என்பது லாட்ஜைப் பொறுத்தது.

டிராக்கர் என்பவர் வண்டியின் முன்பக்கம் இடதுமூலையில், பானட்டுக்கு வெளியே நீட்டிய ஒற்றை இருக்கையில் உட்கார்ந்து வருபவர். ஓட்டுபவர் வழிகாட்டி, பேசுவதும் அவர்தான். விலங்கைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் டிராக்கர். செலவைக் குறைக்கச் சில லாட்ஜுகள் டிராக்கரை விட்டுவிட்டு வழிகாட்டியையே இரண்டு வேலையும் பார்க்க வைக்கின்றன. ஒரே ஆள் வண்டியும் ஓட்டி, ரேடியோவும் பேசி, மண்ணையும் படிக்க முடியாது.

மண்ணைப் படிப்பது எப்படி என்பதைக் கவனித்துப் பாருங்கள், அதுவே தனிச் சுவை. காலை ஆறு மணிக்கு டிராக்கர் விரலைத் தூக்குகிறார், வண்டி நிற்கிறது. பாதையில் ஒரு காலடித்தடம். அது நேற்றிரவு வண்டிகள் போன டயர் தடத்துக்கு மேலே இருந்தால் விலங்கு பிறகு வந்திருக்கிறது. தடத்தின் குறுக்கே சிறு பூச்சிகள் ஊர்ந்த கோடு இருந்தால் பழசு. விளிம்பு கூர்மையாக, மண் சரியாமல் இருந்தால் புதுசு. தடம் எங்கே பாதையை விட்டு விலகுகிறது என்று பார்த்து, வழிகாட்டியும் அவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். சில நேரம் டிராக்கர் இறங்கி நடந்தே போய்விடுவார். உங்கள் வண்டி சுற்றிப் போய் அடுத்த பாதையில் அதே தடம் வெளியே வருகிறதா என்று பார்க்கும். வரவில்லை என்றால் விலங்கு அந்தக் கட்டத்துக்குள் இருக்கிறது. அதற்குள் இம்பாலா மான்கள் மூக்கால் ‘ஃபுஷ்’ என்று சீறினாலோ, குரங்கு விடாமல் கத்தினாலோ, எந்தத் திசையைப் பார்த்துக் கத்துகிறது என்பதுதான் விடை. சிங்கத்தையோ சிறுத்தையையோ நெருங்கும்போது டிராக்கர் முன்னிருக்கையை விட்டு எழுந்து வண்டிக்குள் வந்து உட்கார்ந்துகொள்வார். அவர் இடம் மாறினால் அருகில் வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

ரேடியோவிலும் காது வையுங்கள். விருந்தினருக்கு முன்கூட்டி ஆசை காட்டக் கூடாது என்பதற்காக விலங்குப் பெயர்களை உள்ளூர் மொழியில் சொல்வது அங்கே வழக்கம். ஷாங்கான் மக்களின் சோங்கா மொழியும் ஜூலுவும் கலந்தது. ‘இங்வே’ சிறுத்தை, ‘ங்காலா’ சிங்கம், ‘மஃபாசி’ பெண், ‘மடோடா’ ஆண். மூன்றாம் நாளில் பிள்ளைகள் வழிகாட்டிக்கு முன்பே துள்ளுவார்கள். ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற ஒழுங்கு உண்டு. நான்காவதாக வந்தது உங்கள் வண்டி என்றால் தொலைவில் காத்திருக்க வேண்டும். உங்கள் முறை வந்து இருபது நிமிடத்தில் வழிகாட்டி கிளப்பினால் கோபப்பட வேண்டாம். அடுத்த வண்டி காத்திருக்கிறது.

பாதையை விட்டுப் புதருக்குள் வண்டியை இறக்கலாம் என்பது தனியார் காப்பகத்தின் பெரிய வசதி. க்ரூகரில் சொந்தக் காரில் வருபவருக்கு அது கிடையாது. அங்கே தாரில் 50 கிலோமீட்டர், மண்ணில் 40 கிலோமீட்டர் வேகம்; குறித்த இடங்களைத் தவிர இறங்கவும் கூடாது. இங்கே சிறுத்தை புதருக்குள் போனால் வண்டியும் பின்னால் போகும். அப்போது கையை வெளியே வைக்காதீர்கள். முள்மரக் கிளை வளைந்து வந்து அடிக்கும். முன்னால் இருப்பவர் ‘கிளை’ என்று சொன்னால் குனிந்துகொள்ள வேண்டும். மழை பெய்து மண் ஈரமாக இருந்தால் இறக்கமாட்டார்கள். தடம் பல ஆண்டு அழியாது, வண்டியும் சிக்கிக்கொள்ளும். எல்லா விலங்குக்காகவும் இறக்குவதும் இல்லை. வரிக்குதிரைக்காகப் புதரை மிதிக்கச் சொல்லாதீர்கள்.

நாளின் ஓட்டம் எல்லா லாட்ஜிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கோடையில் காலை 5 அல்லது 5:30, குளிர்காலத்தில் 6 மணிக்குக் கிளம்பி மூன்று மூன்றரை மணி நேரம். நடுவே காப்பியும் ரஸ்க் எனப்படும் கடினமான பிஸ்கட்டும். இந்த ரஸ்க்கை நனைக்காமல் கடித்தால் பல் போகும். திரும்பி வந்து காலைச் சாப்பாடு, தூக்கம். பிற்பகல் 3:30 அல்லது 4-க்கு அடுத்த சவாரி. சூரியன் மறையும்போது நிறுத்திக் குடிக்க ஏதாவது. பிறகு இருட்டில் விளக்கடித்துக்கொண்டு திரும்புதல். மான், யானை போன்றவற்றின் கண்ணில் விளக்கடிக்க மாட்டார்கள். கண் கூசி நின்றுவிட்டால் மான் கழுதைப்புலிக்கு இரையாகிவிடும். சவாரியின் நடுவே ஒதுங்க வேண்டும் என்றால் சொல்ல வெட்கப்படாதீர்கள்; வழிகாட்டி ஒரு கரையான் புற்றைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கைகாட்டுவார்.

மூன்று இரவு என்றால் ஆறு சவாரி. இரண்டு இரவு என்றால் நான்கு. அதில் ஒன்று மழையில் போனால் மூன்று. ஒரே ஓர் இரவு தங்குவது காசுக்குக் கேடு.

செலவு இருவர் பகிரும் அறையில் ஒரு ஆளுக்கு ஓர் இரவுக்கு ஏறக்குறைய 6,000-8,000 ராண்டில் (தென்னாப்பிரிக்க நாணயம்) தொடங்கி 30,000-ஐத் தாண்டும். தங்கல், மூன்று வேளை உணவு, இரண்டு சவாரி அதில் அடக்கம். மலிவான லாட்ஜுகளில் குடிபானம் தனி. காப்பக நுழைவுக் கட்டணமும் பெரும்பாலும் தனி. வண்டிக்கும் ஆளுக்கும் சேர்த்து வாயிலில் கட்ட வேண்டும், அல்லது லாட்ஜ் பில்லில் பாதுகாப்பு நிதி என்ற பெயரில் வரும். டிப்ஸ் கட்டாயம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் எதிர்பார்ப்பார்கள்: ஒரு விருந்தினருக்கு ஒரு நாளைக்கு வழிகாட்டிக்கு 150-250 ராண்ட், டிராக்கருக்கு 100-150, சமையல், அறைப் பணியாளர்கள் எல்லோருக்கும் பொதுப் பெட்டியில் அதே அளவு. டிராக்கருக்குரியதை அவர் கையிலேயே கொடுங்கள். பணமாக எடுத்துக்கொண்டு போங்கள். லாட்ஜில் ஏடிஎம் இருக்காது.

பருவம்: மே முதல் செப்டம்பர் வரை வறண்ட குளிர்காலம். புல் தாழ்ந்து, இலை உதிர்ந்து, விலங்குகள் தண்ணீரைத் தேடி வரும். முதல் பயணத்துக்கு இதுவே. காட்டுநாய்கள் குட்டி போட்டு ஒரே குழியைச் சுற்றி இருப்பதும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஆனால் ‘ஆப்பிரிக்கா வெயில்’ என்று நம்பி அரைக்கைச் சட்டையோடு போனால் அழுதுவிடுவீர்கள். அதிகாலையில் 6-8 டிகிரி, கூரையில்லாத வண்டி, முகத்தில் அடிக்கும் காற்று. உள்ளே தெர்மல், மேலே கம்பளி, அதற்கு மேல் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட், குல்லா, கையுறை. போர்வையும் வெந்நீர்ப் பையும் லாட்ஜ் தரும். பத்து மணிக்குள் எல்லாவற்றையும் உரித்துப் போட்டுவிட்டு டி-ஷர்ட்டில் இருப்பீர்கள். நவம்பர் முதல் மார்ச் வரை மழையும் 35 டிகிரிக்கு மேல் வெயிலும். புல் உயர்ந்து சிங்கத்தை மறைக்கும். நவம்பர் நடுவில் இம்பாலாக் குட்டிகள் கூட்டமாகப் பிறக்கின்றன, வலசைப் பறவைகள் வருகின்றன. பெருமழையில் சாண்ட் ஆற்றின் தரைப்பாலங்கள் மூழ்கி, ஆற்றின் அந்தக் கரைக்கே போக முடியாமல் ஆவதும் உண்டு. 2000, 2012 வெள்ளங்களில் இந்தப் பகுதி கடுமையாக அடிபட்டது.

மலேரியாவை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தத் தாழ்நிலம் மலேரியாப் பகுதி. மழைக்காலத்தில் அதிகம், குளிர்காலத்தில் குறைவு, பூஜ்ஜியம் இல்லை. இங்கே வருவது பெரும்பாலும் ஃபால்சிபேரம் வகை. ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகக் கூடியது. அட்டோவாகுவோன்-ப்ரோகுவானில் மாத்திரை என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கித் தினமும் ஒன்று, திரும்பிய பிறகு 7 நாள். டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பிய பின் 4 வாரம். சிறு பிள்ளைகளுக்கு அதைக் கொடுப்பதில்லை. பிள்ளைகளின் அளவு எடையைப் பொறுத்தது, மருத்துவர்தான் எழுத வேண்டும். வீடு வந்து இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் ‘ஆப்பிரிக்கா போய் வந்தேன்’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லி ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். மாத்திரையே வேண்டாம், கர்ப்பிணி வருகிறார், கைக்குழந்தை இருக்கிறது என்றால் சாபி சாண்டை விட்டுவிட்டு போட்ஸ்வானா எல்லையில் உள்ள மடிக்வே காப்பகத்தைப் பாருங்கள். 75,000 ஹெக்டேர், மலேரியா இல்லாத பகுதி, லாட்ஜில் தங்குபவர்களுக்கு மட்டும் அனுமதி. பழைய பண்ணை நிலங்களை வளைத்து, 1990-களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகளைக் கொண்டுவந்து விட்டு உருவாக்கியது.

மஞ்சள் காய்ச்சல் வேறு விஷயம். தென்னாப்பிரிக்காவில் அது இல்லை. ஆனால் அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் போய் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் தென்னாப்பிரிக்காவில் சான்றிதழ் கேட்பார்கள். அங்கே விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தால் இந்தியா திரும்பும்போதும் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். துபாய், தோஹா வழியாகப் போனால் இந்தத் தொல்லை இல்லை. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா முன்கூட்டியே வேண்டும். பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழைக் கையிலும் வைத்திருங்கள்.

போய்ச் சேர மூன்று வழி. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஸ்குகூசாவுக்கு ஒரு மணி நேர விமானம். அங்கிருந்து லாட்ஜ் வண்டி. இது எளிது, விமான நிலையம் க்ரூகருக்குள் இருப்பதால் பூங்காக் கட்டணம் சேரும். இரண்டாவது, லாட்ஜின் மண் ஓடுதளத்திலேயே இறங்கும் சிறு விமானம். இதில் கைப்பையும் சேர்த்து 20 கிலோதான், அதுவும் மடங்கும் துணிப் பையாக இருக்க வேண்டும். சரக்கு வைக்கும் இடம் வயிற்றடியில் குறுகலாக இருப்பதால் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி நுழையாது. பெட்டியை ஜோகன்னஸ்பர்க்கில் விட்டுப் போக வேண்டிவரும். மூன்றாவது, வாடகைக் கார்: 450-500 கிலோமீட்டர், ஐந்தாறு மணி நேரம், நமக்குப் பழகிய இடதுபக்க ஓட்டம். காலையிலேயே கிளம்புங்கள். கடைசி நூறு கிலோமீட்டரில் குழிகளும், சாலையில் படுத்திருக்கும் மாடுகளும், ஆடுகளும். இருட்டிய பின் ஓட்ட வேண்டாம். சாபி சாண்டுக்குள் நுழைய மூன்று வாயில்: தெற்கு லாட்ஜுகளுக்கு ஷாஸ், மேற்கு-நடுப்பகுதிக்கு நியூயிங்டன், வடக்குக்கு கௌரி. தவறான வாயிலுக்குப் போனால் சுற்றி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், மாலைச் சவாரி போய்விடும். கூகுள் வரைபடத்தில் லாட்ஜ் பெயரைப் போடுவதை விட வாயில் பெயரைப் போடுவது மேல். ட்ரோனுக்கு அனுமதி இல்லை.

வண்டியில் ஒழுக்கம் ஒன்றே ஒன்று: எழுந்து நிற்கக் கூடாது, கையையோ காலையோ வெளியே நீட்டக் கூடாது. வண்டியும் ஆட்களும் சேர்ந்த ஒட்டுமொத்த உருவத்துக்குத்தான் சிங்கம் பழகியிருக்கிறது. அந்த உருவத்திலிருந்து ஒரு மனிதன் பிரிந்து எழுந்தால் அது வேறு கணக்கு. தாழ்ந்த குரலில் பேசலாம்.

யானைதான் உண்மையில் கவனம் தேவைப்படும் விலங்கு. நம் ஊர் யானையை வைத்து அளக்காதீர்கள். இங்கே பெண் யானைக்கும் தந்தம் உண்டு. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கன்னத்தில் நீர் வழிந்தால் மதம் என்று நாம் சொல்லிவிடுவோம். ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும், பதற்றம் வந்தாலே, அது வழியும். ஆண் யானைக்குக் கன்ன நீரோடு சிறுநீரும் விடாமல் சொட்டி, பின்னங்காலின் உட்புறம் நனைந்து, தூரத்திலேயே வாடை அடித்தால்தான் மதம். அப்போது வழிகாட்டி நெருங்கமாட்டார், ‘இன்னும் கொஞ்சம் பக்கத்தில்’ என்று கேட்கவும் வேண்டாம். காண்டாமிருகத்துக்குக் கொம்பு இல்லை என்று ஏமாற வேண்டாம். வேட்டைக்காரர்களிடமிருந்து காப்பாற்ற அறுத்துவிடுகிறார்கள், அது மீண்டும் வளரும். அதன் படத்தைப் போடும்போது இடத்தைக் குறிப்பிடாதீர்கள்; கைப்பேசியில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள்.

பல லாட்ஜுகளைச் சுற்றி வேலி இருக்காது. இருட்டிய பின் அறைக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் நடுவே காவலர் இல்லாமல் நடக்கக் கூடாது. இருபது மீட்டர் தானே என்று 13 வயதுக்காரன் ஓடிவிடுவான். முதல் மாலையே சொல்லி வையுங்கள். பகலில் தொல்லை கொடுப்பது குரங்கு. அறைக் கதவைத் தாழிடாமல் போனால் சர்க்கரைப் பொட்டலம் முதல் மாத்திரை டப்பா வரை போய்விடும்.

சைவம் என்றால் பதிவு செய்யும்போதே விவரமாக எழுதுங்கள்: இறைச்சி, மீன், கோழி, முட்டை இல்லை, பால், தயிர் சரி, இறைச்சிச் சாறு கலந்த சூப்பும் கூடாது. வெறும் ‘வெஜிடேரியன்’ என்றால் முட்டை நிச்சயம் வரும், சில இடத்தில் மீனும் வரும். காய்கறி ஊரிலிருந்து இரண்டு மணி நேரம் பயணம் செய்து வருவதால் போன பிறகு சொன்னால் மூன்று நாளும் பாஸ்தாதான்.

படம் எடுக்க 100-400 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். விலங்கு அருகில் இருக்கும், இருட்டுதான் எதிரி, அதனால் கேமராவின் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) ஏற்றப் பழகுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். வண்டியில் முக்காலி விரிக்க இடமில்லை. காலியான துணிப்பையைக் கொண்டுபோய் லாட்ஜில் அரிசியோ பயறோ கேட்டு நிரப்பிக்கொண்டால் கம்பியில் வைத்து எடுக்கலாம். பைனாகுலர் 8x42, ஆளுக்கு ஒன்று, குறைந்தது இருவருக்கு ஒன்று. பிளக் பற்றி ஒரு வார்த்தை: அங்கே மூன்று பெரிய உருண்டை முனை. நம் வீட்டில் கீசருக்கும் ஏசிக்கும் இருக்கும் அதே தடித்த பிளக்தான். கைப்பேசி சார்ஜரை அந்த சாக்கெட்டில் செருகும் மாற்றி எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும். விமான நிலையத்தில் பெரிய விலைக்கு வாங்க வேண்டாம்.

ஒதுக்க வேண்டியவை இரண்டு. சிங்கக் குட்டியைத் தடவலாம், சிங்கத்தோடு நடக்கலாம் என்று விளம்பரம் செய்யும் இடங்களுக்குப் போகாதீர்கள். கூண்டில் வளர்த்த சிங்கங்களை அடைத்துவைத்துச் சுடும் வியாபாரத்துக்கு அந்தக் குட்டிகள் போய்ச் சேர்ந்த கதை பல. கேப் டவுனிலிருந்து இரண்டு மணி நேரத்தில் ‘ஐந்து பெரிய விலங்கும்’ (சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை) காட்டுகிறோம் என்பவற்றில் சில, சிங்கத்தைத் தனி வேலிக்குள் வைத்து இரை போடுபவை. க்ரூகரின் மேற்கே உள்ள வேறு சில தனியார் காப்பகங்கள் வரையறுத்த வேட்டைக்கு அனுமதி கொடுத்துப் பராமரிப்புச் செலவைச் சமாளிக்கின்றன. சாபி சாண்டில் வேட்டை இல்லை. அது உங்களுக்கு முக்கியம் என்றால் மற்ற இடங்களில் முன்பதிவுக்கு முன் நேராகவே கேட்டுவிடுங்கள்.

கடைசி நாள் காலைச் சவாரியும் உங்கள் காசில் அடக்கம். விமானத்தைப் பிற்பகல் 1 மணிக்குப் பிறகு போட்டால்தான் அது கிடைக்கும். சவாரிக்குக் கிளம்பும் முன்பே பெட்டியைக் கட்டி வைத்துவிடுங்கள். திரும்பி வந்து சாப்பிடுவதற்கும் 11 மணிக்குள் அறையைக் காலி செய்வதற்கும் நடுவே ஒரு குளியலுக்குத்தான் நேரம் இருக்கும்.